கிளெனிஸின் நாலு பத்து பஸ்

வாரபின் என்ற ஊரில் முந்நூற்று எண்பது பேர். ஊரின் ஃபேஸ்புக் குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். இறந்துபோனவர்களை நீக்க கிளெனிஸ் ஹாக்கிங்குக்கு மனம் வராது.

குழுவின் நிர்வாகி அவர்தான். முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், அந்த ஒழுங்கைக் குழுவுக்கும் கொண்டுவந்துவிட்டார். மாலை நாலு பத்துக்குப் போனை எடுப்பார். ஐந்து மணிக்கு அது ரொட்டிப் பெட்டிக்குள் போய்விடும். யார் எழுதியதும் அவர் அனுமதித்த பிறகே ஊர் கண்ணில் படும். எலுமிச்சைக் கேக்கோடு ஐந்து ஒன்றுக்குக் கதவைத் தட்டினால் கேக்கை வாங்கிக்கொண்டு, "பஸ் போயிடுச்சு" என்பார்.

உடனே பதில் போடாவிட்டால் சொந்தம் விட்டுப்போகும் என்று பயந்து, மருந்துக்கடைக் கல்லாவுக்கடியில் போனை ஒளித்துப் பார்க்கும் எனக்கு அவர்மேல் பொறாமைதான்.

அதிகம் பஸ்ஸைத் தவறவிட்டவர் நெவில் பிரௌட். தோட்டத்தில் குவிந்த பூசணிகளை இலவசமாகக் கொடுக்க நினைத்து, தொடர்ந்து மூன்று நாளும் ஐந்துக்குப் பிறகே ஞாபகம் வந்து கிளெனிஸின் வாசலில் நின்றார்.

"பூசணி ஒரு நாள்ல அழுகிடாது நெவில்."

"அழுகினா உன் வாசல்லதான் கொட்டுவேன்."

அந்த வியாழன் மாலை ஐந்து பத்துக்கு, கிளெனிஸ் கூண்டைக் கழுவும்போது ட்ரெவர் பறந்துவிட்டது. இளஞ்சிவப்பு மார்புள்ள கிளி, பத்தொன்பது வயது. கணவர் ரெஜ் இறந்தபின் அந்த வீட்டில் கிளெனிஸைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அது ஒன்றுதான். ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கப் போன நான், குழுவில் போடச் சொன்னேன்.

"போட்டா எத்தனை மணிக்குப் போட்டேன்னும் சேர்ந்து தெரியும். சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவானுங்க."

ஃபோன் செய்யச் சொன்னேன். ஊரில் ஒருவருக்குச் செய்தால் நெவிலுக்கும் தெரிந்துவிடுமாம். இருட்டும்வரை மைதானத்தைச் சுற்றிப் பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நடந்தோம். வீடு திரும்பி, பின்கதவைத் திறந்தே வைத்தார். கிளம்பும்போது பார்த்தேன், ரொட்டிப் பெட்டிமேல் கை வைத்தபடி நின்றிருந்தார். திறக்கவில்லை.

மறுநாள் நானும் போய் உட்கார்ந்தேன். நாலு பத்து. அனுமதிக்குக் காத்திருந்த பதிவுகளில் முதலாவது நெவிலுடையது, முந்தைய நாள் ஐந்து இருபத்தைந்துக்கு அனுப்பியது. பூசணிக் குவியலின் உச்சியில் ட்ரெவர். கீழே: "கிளி கிடைத்தது. உரியவர் வரலாம். அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன்."

கிளெனிஸ் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினார், பின்னாலேயே நானும். நெவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தோளில் ட்ரெவர்.

"ராத்திரி பூரா தூங்கல. ஒரு ஃபோன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"பண்ணலாம்னுதான் எடுத்தேன். மணியப் பாத்தா அஞ்சரை ஆகப்போகுது."

"பஸ் போயிடுச்சு" என்றது ட்ரெவர், கிளெனிஸின் குரலிலேயே.

கிளெனிஸ் அதைத் தூக்கி ஏப்ரனுக்குள் வைத்து மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை.

அன்று மாலையே குழுவின் முகப்பில் புது அறிவிப்பு வந்தது: "நாலு பத்து முதல் ஐந்து வரை. இறகோ ரோமமோ உள்ளவற்றுக்கு எந்நேரமும்."

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு நெவில் ஒரு படம் அனுப்பினார். பெரிய பூசணி ஒன்று, சுற்றிலும் கோழி இறகு ஒட்டியிருந்தது. "அநாதை. நல்ல வீடு தேவை."

ஏழு நாலுக்கு அனுமதி கிடைத்தது.