பாலத்தின் நடுவில் காதுகுத்து

போன வாரம் அக்காவின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் லவுஃபன்பூர்க் ஊரின் வரலாற்றை எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். நெப்போலியனைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மாமா, எனக்குக் காது குத்தினது எந்த நாட்டிலை?"

அதற்கும் நெப்போலியனில்தான் தொடங்க வேண்டும். ரைன் ஆற்றின் இரு கரையிலும் ஒரே ஊராக இருந்ததை அவர் காலத்தில் இரண்டாக்கி, அக்கரையை ஜெர்மனிப் பக்கமும் இக்கரையை சுவிஸ் பக்கமும் விட்டார்கள். நான் பாத்திரம் கழுவிய உணவகத்தின் சமையல்காரர், இது ஏதோ முந்தாநாள் நடந்த அநியாயம் என்பதுபோலத் திட்டுவார்.

அக்கரையில் அக்கா, இக்கரையில் நான். இருவருக்கும் அகதி விண்ணப்பம் முடிவாகவில்லை. நாட்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை அப்போதுதான் நின்றிருந்தது. எங்கள் பயம் நிற்கவில்லை. ஞாயிறுதோறும் பாலத்தின் நடுவில் சந்திப்போம். அக்கா இடியப்பப் பெட்டியை நீட்டுவாள், நான் எட்டி வாங்குவேன்.

மகளுக்குக் காது குத்தும் வயது வந்ததும் அக்கா ஒரே பிடியாக நின்றாள். "தாய்மாமன்ர மடியிலை வைச்சுத்தான் குத்துவன். இல்லாட்டி காது அப்பிடியே கிடக்கட்டும்."

உணவகத்து நாற்காலி ஒன்றைப் பாலத்துக்குத் தூக்கிப் போனேன். காது குத்த, சுவிசின் ஓர்லிகோனிலிருந்து நகைக்கடை அண்ணை ஒருவர் வந்தார். அவரிடம் சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தது. எந்தக் கரையிலும் துணிச்சலாக இருமினார்.

"தம்பி, கிழக்கைப் பார்த்து நாற்காலியிலை இரும்," என்றார்.

கிழக்கு, ஆறு வரும் திசை. ஆகவே பிள்ளையின் இடது காது ஜெர்மனியில், வலது காது சுவிசில். எல்லை எதுவென்று விளக்குக் கம்பத்தை வைத்து ஊகித்திருந்தோம்.

அண்ணை ஊசியை எடுத்த நேரம் பார்த்து எல்லைக் காவலர் ஒருவர் வந்தார். அக்கா அரைகுறை ஜெர்மனில் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் நாற்காலியைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். பிறகு எங்களை நாற்காலியோடு சுவிஸ் பக்கம் ஓரடி இழுத்து, எல்லை நடுவில் வரச் செய்தார். அதுவரை நான் முழுதாக ஜெர்மனியில் உட்கார்ந்திருந்தேனாம்!

"ஸோ," இனிச் சரி என்பதுபோலக் கையைத் தட்டிக்கொண்டார். அண்ணை குத்தினார், பிள்ளை வீரிட்டது, நாங்கள் சிரித்தோம், காவலர் அக்கா சுட்டுவந்த வாய்ப்பன் பலகாரத்தை வாங்கிச் சாப்பிட்டார். அப்படி நான் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"ஒரு காது அங்கை, ஒரு காது இங்கை," என்று தொலைபேசியில் மருமகளுக்குச் சொல்லி முடித்தேன்.

"டீச்சர் நம்பவே மாட்டா, மாமா!"

இப்போது எங்கள் எல்லோரிடமும் கடவுச்சீட்டு உண்டு. அக்கா புதுப் பாலத்தால் காரில் நேரே என் வீட்டுக்கே வருகிறாள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும். பயம் போனது பெரிய சந்தோஷம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பழைய பாலத்தால் நடந்தால், நடுவில் கால் தானாக நின்றுவிடுகிறது. எதிரே இடியப்பப் பெட்டியோடு யாரும் வருவதில்லை.