இறங்கக் கூடாத நான்கு மணி நேரம்

தைப்பூசம் முடிந்த வாரத்தில் எங்கள் கப்பல் பினாங்குத் துறைமுகத்திலிருந்து புறப்படுகிறது. கொழும்பு, மாலே, சீஷெல்ஸ், பிறகு மொம்பாசா. அங்கிருந்து ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டியே தெற்கே போய், கடைசியில் கேப் டவுன். பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அடுத்தவர்கள் ஏறிப்போன கப்பல்களுக்குத் தாள்களைத் தயார் செய்தே என் காலம் போனது. எந்தக் கப்பல் எந்தத் தேதியில் வந்தது, எப்போது கயிறு அவிழ்த்தது என்பதெல்லாம் இன்றும் என் நாட்குறிப்புகளில் இருக்கிறது. ஆகவே ஒரு கடற்பயணம் என்னைத் திகைக்க வைக்காது என்று நான் நம்பியதில் தவறில்லை.

கப்பல் என் ஆசை. யானை என் மனைவியின் ஆசை. தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தவள். ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் யானை வரைவாள். வாலை மறந்துவிட்டால் வகுப்பே கத்துமாம். ஆனால் அவள் நேரில் பார்த்த யானைகள் எல்லாம் சங்கிலியோடு நின்றவை. மொம்பாசாவில் கப்பல் இரண்டு இரவுகள் நிற்கும். அந்த இடைவெளியில் தரைவழியாகச் சாவோ என்ற வனப் பூங்காவுக்குப் போய், கூடாரத்தில் ஓர் இரவு தங்கித் திரும்பலாம் என்று விளம்பரத்தில் கண்டதும் அவள் தீர்மானித்துவிட்டாள்.

"இதுக்குத்தான் நான் வர்றேன். கப்பல நீங்களே வச்சிக்குங்க."

சாவோவைப் பற்றி நான் படிக்காமல் விட்டது குறைவு. செம்மண்ணை வாரி இறைத்துக்கொள்வதால் அங்கே யானைகள் செங்கல் நிறத்தில் இருக்கும். 1898-ல் அந்தப் பகுதியில் ஆற்றுக்குக் குறுக்கே ரயில் பாலம் கட்டியபோது, இரண்டு சிங்கங்கள் கூலியாட்களைத் தூக்கிப் போய் வேலையையே நிறுத்தி வைத்தன. இரையானவர்களில் இந்தியாவிலிருந்து போனவர்களும் உண்டு. என் அப்பா மலாயா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். அதனாலோ என்னவோ, யானையைவிட அந்தப் பாலம்தான் என் மனத்தில் முதலில் நின்றது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். என் மனைவி அந்த நேரம் பார்த்துத் தேநீர் போட எழுந்து போய்விடுவாள்.

பயண முகவர் அனுப்பிய குறிப்பில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. வண்டி உயரமானது, பிறர் தூக்கிவிடாமல் தாமே ஏற வேண்டும். பூங்காவுக்குள் காலைச் சுற்று நான்கு மணி நேரம். விலங்குகள் நடமாடும் இடம் என்பதால் நடுவில் யாரும் இறங்கக் கூடாது. முடியாதவர்கள் கப்பலிலேயே இருந்துகொள்ளலாம். வருவது உறுதியா என்பதை மாத முடிவுக்குள் சொல்லிவிட வேண்டும்.

முதல் நிபந்தனையைப் படித்ததும் நான் மனைவியின் முழங்காலைத்தான் பார்த்தேன். அதற்கு முந்தைய ஆண்டு தீபாவளிக்குப் பிறகு அறுவை சிகிச்சை செய்து புது மூட்டு வைத்திருந்தார்கள். இரண்டாவது நிபந்தனையை நான் படித்தேன், சரி என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

ஒத்திகை பார்ப்பது என்று முடிவானது. என் மனைவியின் தம்பி நிபோங் திபால் பக்கம் எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டங்களில் பழக்குலை ஏற்றும் குத்தகைக்காரன். அவனிடம் ஆளுயரச் சக்கரங்கள் வைத்தது போன்ற ஒரு ஃபோர்வீல் வண்டி உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடியலில் வழக்கம்போல முனைக்கடையில் இரண்டு குவளை கோப்பி ஓ குடித்தேன். பால் கலக்காத அந்தக் கறுப்புக் கோப்பி இல்லாமல் எனக்குப் பொழுது விடிந்ததே இல்லை. பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது, அக்கரையில் உள்ள பிறை நகர ஆலைகளில் இரவு வேலை முடித்தவர்கள் மோட்டார் சைக்கிள்களில் எதிரே வந்துகொண்டிருந்தார்கள்.

தோட்டத்தில் வண்டி தயாராக நின்றது. மைத்துனன் கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றான்.

"அக்கா, கைய குடுக்கட்டுமா?"

"தொட்டே, அவ்வளவுதான்."

இடது கையால் மேல் பிடியைப் பற்றி, நல்ல காலை முதலில் வைத்து, ஒரே எம்பலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"போலே லா அக்கா, முடியுது பாருங்க! மாமா, நீங்க?"

நானும் ஏறினேன். என் விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை.

"ரூல்ஸ் ஞாபகம் இருக்கட்டும்," என்றாள் மனைவி. "நாலு மணி நேரம். யாரும் இறங்கக் கூடாது."

செம்பனை வரிசைகளுக்கு நடுவே வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. நான் செங்கல் நிற யானைகளில் ஆரம்பித்துப் பாலத்துக்கு வந்து, முதல் சிங்கம் கூடாரத்துக்குள் தலையை நீட்டும் இடத்தை அடைந்தபோது ஒரு பள்ளம் வந்தது. அடிவயிற்றில் சுருக்கென்றது. நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

சற்று நேரம் பொறுத்து என் மனைவி திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, சிங்கம் ஓடிப் போச்சா?"

"ஒண்ணும் இல்ல."

இன்னொரு பள்ளம். "தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா."

"எதுக்கு மாமா?"

"நிறுத்துன்னா நிறுத்து."

அவனுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியில் அவன் சிரிப்பது தெரிந்தது. "ஐயோ மாமா, இங்க சிங்கம் இருக்கு. இறங்குனா கம்பெனி பொறுப்பு இல்ல லா."

செம்பனை மரத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்தேன். நிம்மதியாக ஏறி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தேன். ஆனால் மதகு தாண்டியதும் மறுபடியும் இறங்க வேண்டியதாயிற்று. ஒன்பது மணிக்குள் மூன்றாவது தடவை. அப்போது மைத்துனன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னான்:

"அக்கா, இந்நேரம் சிங்கம் மாமாவ ரெண்டு தரம் சாப்பிட்டு மூணாவது தரம் வேணாம்னு போயிருக்கும்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். திரும்பும் வழியில் பாலத்தின் மேல் வரும்போது அவள் சிரிக்கவில்லை.

"எத்தன நாளா இப்படி?"

"வீட்டுல இருந்தா தெரியறதில்ல. பாத்ரூம் பக்கத்துலயே இருக்கில்ல."

"சரி. அப்ப சாவோ வேணாம்னு சொல்லிடலாம். கப்பல்லயே இருப்போம்."

"நான் இருக்கேன். நீ போய்ட்டு வா. உனக்குத்தான் கால் நல்லா இருக்கே."

"நீங்க வரலன்னா நானும் போகல." சாதாரணமாகத்தான் சொன்னாள், கடைக்குப் போக வேண்டாம் என்று சொல்வது போல. பிறகு பாலத்தின் கம்பிகளுக்கு அப்பால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாளே கெலுகோரில் எங்களுக்குப் பழக்கமான மருத்துவரிடம் போனேன். சின்னப் பெண், என் மனைவியிடம் முதலாம் வகுப்பு படித்தவர். சோதனைகள் செய்து பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணும் இல்ல அங்கிள், வயசானா ஆம்பளைங்களுக்கு வர்றதுதான். ராத்திரி ஒரு மாத்திரை போடுங்க," என்றார். "காலையில என்ன குடிப்பீங்க?"

சொன்னேன்.

"ரெண்டு குவளையா? அத முதல்ல நிறுத்துங்க."

மாத்திரை எளிதாக இருந்தது. முனைக்கடையைத் தாண்டி நடப்பதுதான் கடினம். முதல் வாரம் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனேன். கடைக்காரர் நான் ஊரில் இல்லை என்று நினைத்திருக்கிறார். தலைவலி வந்தது, போனது. மாத முடிவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, மறு ஒத்திகைக்கு நான் தயார் என்று மனைவியிடம் சொன்னேன்.

"தம்பிய கூப்பிடவா?"

"வேணாம். அவன் வாயை நம்மால தாங்க முடியாது."

இந்தத் தடவை எங்கள் காரிலேயே தண்ணீர்மலைக்குப் போனோம். தாவரத் தோட்டத்து வாசலுக்குச் சற்றுத் தள்ளி, பெரிய மரங்களின் நிழலில் நிறுத்தினேன். அங்கே இறங்காமல் இருப்பதற்குத் தனியாக விதி வேண்டியதில்லை. கதவைத் திறந்தால் குரங்குகள் உள்ளே வந்துவிடும். வந்த சில நிமிடங்களிலேயே ஒன்று முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்து துடைப்பானைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. கண்ணாடியை விரலளவு இறக்கி வைத்துக்கொண்டோம். இரவு மழை பெய்திருந்ததால் புழுக்கம் இல்லை. மேலே கோயிலிலிருந்து மணிச்சத்தம் வந்தது.

முதல் மணி நேரம் பாலத்தின் கதையைச் சொன்னேன். இரண்டாவது மணி நேரத்தில் அவள் நாளிதழில் பாதியைப் படித்துவிட்டு மீதியை என்னிடம் கொடுத்தாள். மூன்றாவதில் அடிவயிற்றில் லேசான முட்டல் எழுந்தது. நான் அதைக் கவனிக்காதது போல இறந்தவர்கள் அறிவிப்புகளைத் தேதி வரிசையில் வாசித்தேன். என் மனைவி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். சிறிது நேரத்தில் அது தானாக அடங்கிவிட்டது.

கடைசி மணி நேரத்தில் லோத்தோங்குகள் வந்தன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட, கூச்சமுள்ள கறுங்குரங்குகள் அவை; மற்றவை போல வண்டியில் ஏறுவதில்லை. கிளையில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தது. அதன் மடியில், ஆரஞ்சுப் பழ நிறத்தில், ஒரு குட்டி. கறுப்புத் தாய்க்கு அப்படியொரு நிறத்தில் குட்டி பிறக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அன்றுதான் பார்த்தேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "ஆச்சு," என்றேன். "நாலு மணி நேரம் முடிஞ்சிருச்சு." குரலில் வெற்றி தெரிந்திருக்க வேண்டும்.

அவள் திரும்பவே இல்லை. "அதுக்கு?"

"போகலாமே."

"சும்மா இருங்க. குட்டி இப்பதான் வெளிய வருது பாருங்க."

குட்டி தாயின் வாலைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தது; தாய் காலைப் பிடித்து இழுத்தது. மறுபடியும் இறங்கப் பார்த்தது. என் மனைவி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, வகுப்பறையில் பேசும் குரலில், "விழுந்துடாத, விழுந்துடாத," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கடிகாரத்தை மறைத்துக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவை மரம் மாறிப் போகும்வரை உட்கார்ந்திருந்தோம்.

பிறகு அங்கேயே, வண்டியை எடுப்பதற்கு முன், பயண முகவரை அழைத்தேன். சாவோவுக்கு எத்தனை பேர் என்று கேட்டார்கள்.

"ரெண்டு பேர்," என்றேன். "ரெண்டு பேருமே தானா ஏறுவோம்."

"இறங்கவும் மாட்டோம்னு சொல்லுங்க," என்றாள் அவள் பக்கத்திலிருந்து.