வெற்றிக் கோடுகளும் அப்பாவின் தூக்கமும்

தொண்ணூறுகளின் தொடக்கம். டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நான் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அதே கம்பெனியில்தான் அப்பா கட்டிங் மாஸ்டர். அவர் துணியை வெட்டி அனுப்புவார். அது தைத்து வந்ததும் ஓட்டை, கறை, அளவுக் குறை இருக்கிறதா என்று நானும் என் பிரிவுப் பெண்களும் பார்ப்போம். அப்பன் செய்யும் தப்பை மகள் பிடிக்கிறாள் என்று கம்பெனியில் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு.

அந்த வருடம் ஆடி மாதம் அப்பாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், சிகரெட்டை இன்றே விட்டால் நுரையீரல் தப்பிக்கும், விடாவிட்டால் அடுத்த முறை கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். இருபத்தைந்து வருடப் பழக்கம். அப்பா பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நடந்து வந்தார். பிறகு, “உட்டர்றேன் கண்ணு” என்றார்.

விடுவது அவர் வேலை, எப்படி விடுவது என்பது என் வேலை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அளவுச் சீட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஓர் அட்டவணை தயார் செய்தேன். எழுந்த நேரம், சாப்பாடு, இருமல் எத்தனை முறை, படுத்த நேரம், தூங்கிய மணி, கோபம் (அதிகம், நடுத்தரம், குறைவு). கடைசிக் கட்டத்துக்கு ‘வெற்றி’ என்று பெயர். சிகரெட் ஆசை வந்து, அதை அடக்கினால் ஒரு கோடு.

அடக்குவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். கம்பெனிக்குள் பஞ்சுத் தூசி பறப்பதால் தீப்பெட்டியே எடுக்கக் கூடாது. புகைக்க வேண்டுமென்றால் கேட்டுக்கு வெளியே உள்ள டீக்கடைக்குத்தான் போக வேண்டும். எங்கள் ஊரில் டீயும் சிகரெட்டும் ஜோடி. “எப்பவும் போல டீக்கடைக்குப் போங்கப்பா. டீயை மட்டும் குடிச்சுப் போட்டு வந்துருங்க” என்றேன். பழக்கத்தில் பாதியை வைத்துக்கொண்டு பாதியை வெட்டுவது. படித்த படிப்புக்கு ஒரு பயன் கிடைத்ததாக எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டிலும் ஆசை வருமே என்று அம்மாவிடம் சொல்லி ஒரு பிளாஸ்க் டீயை அப்பாவின் தலைமாட்டிலேயே வைக்கச் செய்தேன்.

முதல் நாளே ஒன்பது கோடு. மூன்றாம் நாள் பதினான்கு. அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை போல அட்டவணையைக் கொண்டுவந்து காட்டுவார். ஒரே ஒரு குறை, தூக்கம். முதலில் நான்கு மணி நேரம், பிறகு மூன்று, பிறகு இரண்டு.

“இந்த மனுசன் ராத்திரி முச்சூடும் ஊட்டுக்குள்ள நடக்கறாருங்க. பஸ் ஸ்டாண்டுல பாய் விரிச்சுப் படுத்த மாதிரி இருக்குது எனக்கு” என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிகரெட்டை விட்டால் சில நாள் தூக்கம் கெடும் என்று டாக்டரும் சொல்லித்தான் இருந்தார். சில நாள் ஒரு வாரமாகியும் கெட்டது கெட்டபடியே இருந்தது. காரணங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கொசுவாக இருக்குமோ என்று வலை கட்டினோம். அப்பா எழுந்து நடக்கும்போது வலையோடு நடந்தார். வெளிச்சமாக இருக்குமோ என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தேன். அம்மா விடிந்தது தெரியாமல் தூங்கி, பால்காரர் திரும்பிப் போனார். கசகசாவை அரைத்துப் பாலில் கொடுத்தோம். அது வேலை செய்தது. மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, கட்டிங் மேசையில் விரித்திருந்த துணி அடுக்கின் மேலேயே அப்பா கவிழ்ந்து தூங்கினார். மேலே இன்னொரு துணி மடிப்பை விரிக்க வந்த உதவியாளர், நல்லவேளையாகக் காலைப் பார்த்துவிட்டார்.

பதினோராம் நாள்தான் வினை. டீ சர்ட்டில் முன்கழுத்து இறக்கமாகவும் பின்கழுத்து மேடாகவும் இருக்கும். வெளிநாட்டு ஆர்டர் ஒன்றுக்கு அப்பா ஓர் அடுக்கு முழுவதையும், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும், முன்கழுத்தாகவே வெட்டி வைத்துவிட்டார். முதலாளி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை கூடும்.

“ஏனுங்க மாஸ்டர், இதை எப்படித் திருப்பிப் போட்டாலும் நெஞ்சு தெரியுமுங்களே. வெள்ளக்காரனுக்கு என்னன்னுங்க எழுதறது?”

அப்பா தலைகுனிந்து நின்றார். முதலாளி தன் பாக்கெட்டிலிருந்து ஒரு சிகரெட்டை உருவி நீட்டினார். “இந்த ஆர்டர் போற வரைக்கும் புடிச்சுப் போட்டுத் தூங்குங்க. அப்பறம் உட்டுக்கலாமுங்க. அந்த மெசினுக்குத் துணியும் வெரலும் ஒண்ணுதானுங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. சுழலும் கத்திக்கு முன்னால் தூங்கி விழுகிறவர் எத்தனை நாள் முழு விரல்களோடு இருப்பார்? அப்பா அந்த சிகரெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் மெதுவாக, “இன்னைக்கும் தூக்கம் வரலீன்னா பத்த வெச்சுருவேன் கண்ணு. என்னைய வையாதே” என்றார். ஒன்று பற்றினால் பழைய கணக்குக்கே போய்விடுவார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் மேசையில் அட்டவணையை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண், சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் துணியில் ஊசிமுனை அளவு ஓட்டையையும் விடமாட்டாள்.

“இந்தக் கோடெல்லாம் என்ன மேடம்? நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போகுது.”

“ஆசையை அடக்கின கணக்கு. ஒரு தடவை அடக்கினா ஒரு கோடு.”

“எப்படி அடக்குவாக?”

“ஒரு டீ குடிச்சு.”

அவள் விரல் வைத்து நேற்றைய கோடுகளை எண்ணினாள். பத்தொன்பது. “ராத்திரி ஒரு மணிக்குமா மேடம் டீ குடிக்கிறாக?”

“தூக்கம் வராம எந்திரிச்சா ஆசை வரும் இல்ல? அதுக்குத்தான் பிளாஸ்க்ல...” சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. “நீங்கதான மேடம் சொல்லுவீக. பீஸ்ல கீறல் இருந்தா, தைச்சவகளைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி உங்க நகத்தைப் பாருங்கன்னு.”

உண்மைதான். செக்கிங் பெண்களின் நகமும் வளையலும் பட்டே பல துணிகள் கீறிப் போகும். அதைத் தினமும் சொல்பவள் நான். வெற்றிக் கோடு ஏற ஏறத் தூக்கம் இறங்கியது என் கையெழுத்திலேயே பத்து நாளாக எழுதியிருக்கிறது. சாப்பாட்டுக் கட்டத்தில்கூட டீயை எழுதவில்லை. எங்கள் ஊரில் டீயைச் சாப்பிடும் பொருளாக யார் நினைத்தார்கள்?

சாயங்காலம் அப்பாவிடம், தூக்கத்தைக் கெடுத்தது நான் குடிக்கச் சொன்ன டீதான் என்று சொன்னேன். “அப்ப பத்து நாளா என்னையத் தூங்க உடாம வெச்சிருந்தது நீயா?”

“ஆமாங்கப்பா.”

“நாங்கூட சிகரெட்டுதான்னு நெனச்சு அதைத் திட்டீட்டிருந்தேன்.”

காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, அதற்குமேல் டீ கிடையாது என்று பேசிக்கொண்டோம். ஆசை வந்தால் மோர், பிளாஸ்கில் வெந்நீர். ஆனால் உடனே தூக்கம் வந்துவிடவில்லை. இப்போது டீ இல்லாத தலைவலி வேறு சேர்ந்துகொண்டது. அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி இருந்தார். துவைத்த துணியை ஈரத்தோடு அளந்தால் சரியான அளவு வராது, காயும் வரை பொறுக்க வேண்டும் என்று அவர் பாஷையிலேயே கெஞ்சினேன். “ஞாயித்துக்கெழமை பொழுது சாயற வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல என்னால ஆவாது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பதற்குள், சுவரில் சாய்ந்தபடியே அவர் தலை தொங்கியது. அம்மா ஒரு தலையணையைக் கொடுத்துச் சரித்துப் படுக்க வைத்தார். குறட்டை வந்தது. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சரியாக அந்த நேரம் பார்த்து, தாராபுரத்திலிருந்து அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. வீட்டுக்குப் பெரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும். தட்டை வைத்துவிட்டுப் போகக் கூடாது.

“மாப்பிளையச் சித்த எழுப்பு சாமி. இன்னம் நாலு ஊடு போகோணும்” என்றார்.

அம்மா எழுப்புவதற்காக உள்ளே திரும்பினார். நான் உள்வாசற்படியை மறித்து நின்றுகொண்டேன். பெரியவர்களை எதிர்த்து ஒரு சொல் பேசியறியாதவள் நான். “இல்லீங்க மாமா, எழுப்ப மாட்டேனுங்க. நீங்க வேணும்னா போயிட்டு வாங்க, இல்லீன்னா உக்காருங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மாமா என்னைப் பார்த்தார், உள்ளே குறட்டை விடுபவரைப் பார்த்தார். “ஒடம்புக்கு என்னுங்கம்மணி?” என்று கிசுகிசுத்தார். நானும் கிசுகிசுப்பாகவே முழுக்கதையும் சொன்னேன். அவர் தோளில் கிடந்த துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு செருப்பை வாசலில் சத்தமில்லாமல் கழற்றி வைத்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காய்காரி தெருவில் கூவியபோது அவரே எழுந்து போய் கையைக் காட்டி அவளை அனுப்பிவிட்டு வந்தார்.

இரண்டரை மணி நேரம். அப்பா கண் விழித்தபோது எதிரே வெற்றிலைத் தட்டோடு மச்சான். “எப்ப வந்தீங்க மச்சான், எழுப்பியிருக்கலாமுங்களே” என்று பதறிப்போய் வேட்டியைச் சரிசெய்தார். “எங்கீங்க, உங்க புள்ள உட்டாத்தானுங்களே” என்றார் மாமா.

அன்று இரவும் அப்பா தூங்கினார். திங்கட்கிழமை அந்த சிகரெட்டை முதலாளியின் மேசைமேல் வைத்துவிட்டுத் துணி வெட்டப் போனார். அதற்குப் பிறகு இன்றுவரை தொடவில்லை. எப்படி விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், என் மகள் அட்டவணை போட்டுக் கொடுத்தாள் என்று பெருமையாகத்தான் சொல்கிறார். நான் மறுப்பதில்லை. ஆனால் அவருக்காக நான் செய்ததிலேயே உருப்படியானது, ஒன்றுமே செய்யாமல் அந்த வாசற்படியை மறித்து நின்ற இரண்டரை மணி நேரம்தான் என்பது எனக்குத் தெரியும்.