மூடிய கையில் கடலை

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் எங்கள் வீடு. நானும் என் கணவரும் தினமும் காலையில் மலைக்காட்டை ஒட்டி நடப்போம். கம்பி வேலியோரம் புள்ளிமான்கள் நிற்கும். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் அம்மா வீட்டிலிருந்து வேர்க்கடலை வரும். அதில் ஒரு பிடி எடுத்துப்போய், மூடிய கையை நீட்டித் திறப்பேன். முதலில் மிரண்டு ஓடியவை, போகப்போக என் உள்ளங்கையிலேயே வாய் வைத்துத் தின்றன. "என்னைக் கண்டா அதுங்களுக்குப் பயமே இல்லீங்க" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன்.

பங்குனி வெயில் தொடங்கிய நேரம். ஒரு பெண்மான் வேலி இடுக்கு வழியாகச் சாலைக்கே வந்து எங்களுக்காக நின்றது. நான் கடலையை எடுப்பதற்குள் தெருநாய்கள் சூழ்ந்துகொண்டன. அது ஓடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. என் கணவர் செருப்பைக் கழற்றி வீசி நாய்களை விரட்டுவதற்குள் மானின் தொடையும் வயிறும் கிழிந்துவிட்டன. வனத்துறைக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது.

"நாயைக் கண்டா ஓடணும்னு அதுக்குத் தெரியும். நாமதான் நிக்கப் பழக்கிட்டோம்" என்றார் அவர்.

இப்போது நான் கடலை கொண்டுபோவதில்லை. மற்றவர்கள் பிஸ்கட் போடுகிறார்கள், வேண்டாம் என்றால் முறைக்கிறார்கள். வெளியே வரும் மான்களை விரட்டவாவது செய்யலாமே என்று நேற்று ஒரு கல்லைப் பொறுக்கிக் கையை ஓங்கினேன்.

மூடியிருந்த என் கையைப் பார்த்ததும், ஒரு குட்டி ஆசையாக ஓடி வந்தது.