பளபளப்பில் விழாதவர்

"காரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல வந்து நிக்கிறவனுங்கதான் சரியில்ல."

பழைய கார்களைப் படமெடுத்தே பிழைத்த போட்டோக்காரர் முப்பத்தோரு வருஷமாகப் பாடிய பாட்டு இது. செருப்பை மாட்டும்போது பாடுவார், சாப்பிட உட்காரும்போது பாடுவார். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால்கூட இதை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் திறப்பார். முதல் பாதி காதில் விழுந்ததுமே அவர் மனைவி, "பக்கத்துல நிக்கிறவனுங்க, ஆமா, தெரியும், தட்டப் பாத்து சாப்பிடுங்க" என்று மீதியை முடித்துவிடுவார்.

போட்டோக்காரரின் அலுப்பிலும் நியாயம் இருந்தது. ஒரு காரைத் துடைத்து, வெயில் சரியான கோணத்தில் விழும்வரை ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, மண்டிபோட்டுக் குனிந்தால், சொந்தக்காரர் வந்து பானெட் மேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடிப்பார். சரியாக ஷட்டரை அமுக்கும் நேரத்தில் விட்டுவிடுவார். துடைத்த பானெட்டில் ஐந்து விரலும் பதிந்திருக்கும்.

போட்டோக்காரர் மட்டும் காரில் எங்கும் பதிய மாட்டார். பாலிஷ் போட்ட கார் என்பது நாலு சக்கரக் கண்ணாடி. எடுக்கிறவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் கதவில் பேய் மாதிரி நிற்பான். அதனால் கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு, கேமராவைச் சுற்றியும் கறுப்புத் துணி. எந்தப் படமானாலும் கொடுப்பதற்கு முன் கதவு, பம்பர், விளக்கு, சக்கரத்தின் நடுவே மின்னும் வீல் கப் என்று ஒவ்வொரு பளபளப்பாகத் துழாவி, தன் நிழல்கூட விழவில்லை என்று உறுதிசெய்துகொள்வார்.

"கல்யாண போட்டோவுக்கு அப்புறம் இந்த மனுஷன ஒரு படத்துலயும் பாத்ததில்ல" என்பார் மனைவி. "புருஷன் எங்கன்னு கேட்டா ஏதாச்சும் ஒரு காரைத்தான் காட்டணும். இதோ, இதுல இல்லாதவருதான் எங்க வீட்டுக்காரரு."

இதெல்லாம் வயிற்றுப்பாடு. அவர் உயிர் இருந்தது ரேஸ் மைதானத்தில், மூன்றாவது வளைவில். வருஷத்துக்கு நாலு பந்தயம். ஏழாம் நம்பர் போட்ட ஆரஞ்சு ஜாக்கெட் உள்ளவர்தான் அங்கே அடுக்கிவைத்த டயர்களுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம். காரோடு கேமராவும் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும். கார் கூர்மையாக விழ வேண்டும், சக்கரமும் பின்னால் இருப்பதும் கரைந்து ஓட வேண்டும். அவசரப்பட்டு ஷட்டரை வேகமாக வைத்தால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். அந்த மாதிரிப் படங்களைப் பார்த்தால் அவர், "இதென்ன, ரேசா, பார்க்கிங்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

ரெண்டு வருஷமாக வலது கண்ணில் புரை, இடது கண் எப்போதுமே சுமார்தான். பனி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல எல்லாம் மங்கல். கண் டாக்டர் ஆபரேஷன் என்றார். செய்தபிறகும் பார்வை முழுசாகத் திரும்புமென்று சொல்ல முடியாது, உள்ளே நரம்பும் தேய்ந்திருக்கிறது என்றார். ஜாக்கெட்டுக்காக வருஷா வருஷம் நிரப்பும் படிவத்தில் 'பார்வை நன்றாக உள்ளதா' என்ற கேள்விக்கு எதிரே போட்டோக்காரர் இரண்டு முறையும் டிக் அடித்தார். பார்வை இல்லாதவனை மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் வரும் காருக்கு முன்னால் யார் நிறுத்துவார்கள்? வளைவில் அவர் காதை வைத்துப் படமெடுத்தார். கியர் இறங்கும் சத்தம் கேட்டதும் இடுப்பைத் திருப்பினால் போதும், முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில் கேமரா தானாகப் போனது. யாருக்கும் தெரியாது. தம்ளரை மேஜைக்கு ஒரு விரல் தள்ளி வைத்து மூன்றை உடைத்ததால் மனைவிக்கு மட்டும் தெரியும்.

தங்கச்சி வீட்டுக்காரர்தான் இதில் வந்து மாட்டினார். அவரிடம் ஒரு பச்சைக் கார் இருந்தது. மேல்மூடி இல்லாத, ரெண்டு பேர் உட்காரும், அறுபது வயதான கார். எஞ்சின் இறுகி ஓடாமல் நின்று பதினோரு வருஷம். மைதானத்தில் பந்தயத்துக்கு முன்னால் பழைய கார்களை ஒரு சுற்று விடும் நாளில் தானும் ஓட்டப்போவதாக ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். போன வருஷம் ஒரு கிழட்டுக் கார் வளைவில் படுத்துக்கொண்டு பந்தயத்தையே ஒரு மணி நேரம் நிறுத்தியதால், மைதானத்தை நடத்தும் கிளப் புது விதி போட்டிருந்தது: ஓடுகிற கார்தான் என்பதற்கு, ஓடும்போது எடுத்த படம் இணைக்க வேண்டும்.

"மச்சான், அன்னைக்குள்ள மெக்கானிக் எஞ்சின ரெடி பண்ணிடுவான்" என்றார் மாப்பிள்ளை, விளம்பரத் தாளைப் படிக்கும் குரலில். "இப்போதைக்கு ஒரு படம். ஒங்க கைவண்ணத்துல."

"ஓடாத கார ஓடுற மாதிரியா? மாப்ள, நான் போட்டோ எடுக்கறவன். மந்திரவாதி இல்ல."

தங்கச்சி அடுப்படியிலிருந்து வந்தாள். "அண்ணே, ஒரு படம்தானே. மூணு வாரமா இவரு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு. வீட்ல நானும் அந்தக் காரும்தான் பேசிக்கறோம். கார்தான் கொஞ்சம் நல்லா பதில் சொல்லுது."

அவருக்குச் சண்டைபோடத் தெம்பில்லை. சரி என்றார்.

தந்திரம் பழசு. ஷட்டரை நிறைய நேரம் திறந்துவைத்தால், நடக்கிற வேகத்தில் நகரும் காரும் பறப்பது போல விழும். ஊருக்கு வெளியே சமமான ஒரு சாலையில், காரின் முன்னால் கயிறு கட்டி நாலு பேர் படத்தில் விழாதபடி பக்கவாட்டில் சாய்ந்து இழுத்தார்கள்: மெக்கானிக், வாட்ச்மேன், பக்கத்து வீட்டு ரெண்டு பேர். மாப்பிள்ளை ஸ்டியரிங்கில், கண்ணில் பெரிய கண்ணாடி, கழுத்துத் துணிக்குள் கம்பி வைத்துத் தங்கச்சி தைத்திருந்ததால் காற்றே இல்லாமல் அது பின்னால் பறந்துகொண்டிருந்தது.

"ஏங்க, கொஞ்சம் வேகமா" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க எறங்குனா வேகமாப் போகும் சார்" என்றார் வாட்ச்மேன், மூச்சு வாங்க.

எட்டாவது தடவையில் படம் விழுந்தது. மத்தியானம் போட்டோக்காரர் கணினி முன் உட்கார்ந்து கயிற்றை அழித்தார். கண் எரிந்தது. கதவைப் பார்த்தார், பம்பரைப் பார்த்தார். வீல் கப் அவருக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. சுத்தமாக இருக்கிறது என்று நினைத்து அனுப்பிவிட்டார்.

படம் அவ்வளவு நன்றாக இருந்ததுதான் வினை. இதையே மைதான வாசல் சுவருக்குப் போடுவோம் என்று கிளப் செயலாளர் ஆளுயரத்துக்கு அச்சடித்துவிட்டார். சுவரில் மாட்டிய அன்றே, குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவர் முன்சக்கரத்தின் அருகே குனிந்து, "இதுல யாரு சார் கயிறு இழுக்கறது?" என்று கேட்டார்.

வீல் கப்பில், குவிந்த கண்ணாடிக்குள் போல, நாலு பேர் தெளிவாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிறும் இருந்தது. வாட்ச்மேன் நாக்கைக் கடித்திருந்தார். போட்டோக்காரர் மட்டும் வழக்கம்போல இல்லை.

மறுநாள் காலை செயலாளர் அறையில் மூன்று பேர். மாப்பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தாயிற்று. போட்டோக்காரர் ஏழாம் நம்பர் ஜாக்கெட்டோடு வந்திருந்தார். படியேறியதில் முட்டி வலித்தது. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"அதாவது" என்றார் செயலாளர். அவருக்கு 'அதாவது' இல்லாமல் தும்மல்கூட வராது. "அதாவது, ஒங்கள எனக்குத் தெரியும். ஒரு தூசி விட மாட்டீங்க. அதாவது, தங்கச்சி வீட்டுக்காரர்ங்கறதால நேரடியா சொல்ல முடியாம, எங்களுக்குத் தெரியட்டும்னு வேணும்னேதான் அத விட்டிருக்கீங்க. அதாவது, ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் எழுதிக்கிட்டு விட்டுடறேன். ஏழாம் நம்பர் ஒங்களுக்குத்தான்."

தலையை ஆட்டினால் போதும். வளைவு அவருடையது.

மாப்பிள்ளையின் முகம் வெந்துபோயிருந்தது. "அப்ப நெசமாவே வேணும்னுதான் செஞ்சீங்களா மச்சான்? ஒத்துக்கங்க. இன்னையோட ஒங்க தங்கச்சிக்கு அண்ணன் வீடு கெடையாது. நீங்களும் என் வாசல மிதிக்கக் கூடாது."

போட்டோக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே யாரோ ஒரு காரை முடுக்கினார்கள். கியர் மாறுவது கேட்டது, இடுப்பு தானாகக் கொஞ்சம் திரும்பி நின்றது. ரெண்டு வருஷமாகச் சத்தத்தைப் பிடித்துத் தொங்கியதில் உடம்பு முழுக்க வலித்தது. எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றினார். நாலாக மடித்தார். மேஜை எங்கே முடிகிறது என்று கையால் தடவிப் பார்த்து, அதன்மேல் வைத்தார். செயலாளர் அந்தத் தடவலைப் பார்த்தார். மாப்பிள்ளையும் பார்த்தார்.

அந்த மைதானத்தில் அவர் கடைசியாகச் சொன்ன பதில் இது:

"வேணும்னே விடணும்னா மொதல்ல அது கண்ணுல படணும் மாப்ள. ரெண்டு வருஷமா எனக்கு வலது கண்ணு கெடையாது, படிவத்துல பொய் எழுதிட்டுத்தான் அந்த வளைவுல நின்னேன், செயலாளர் அதையும் எழுதிக்கட்டும். கயித்த இழுத்த நாலு பேர நான் பாக்கல, பாத்திருந்தா தொடச்சிருப்பேன், ஒங்களுக்காக இல்ல, என் படத்துக்காக. தங்கச்சிகிட்ட ஞாயித்துக்கெழம சாப்பிட வரேன்னு சொல்லுங்க, கைய பிடிச்சு கூட்டிட்டுப் போக நீங்களே வாங்க. மத்தபடி அந்தக் காருக்கு ஒரு கொறையும் இல்ல. காரு நல்லாத்தான் இருந்துச்சு. பக்கத்துல நின்னவன்தான் சரியில்ல, இந்தத் தடவ அது நான்."