குளக்கட்டில் வைத்த குழை

சைக்கிளின் முன்சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துப் புறப்பட்ட ஒரே மனிதன் அன்புவழிபுரத்தில் நானாகத்தான் இருப்பேன். எங்கள் ஒழுங்கைச் சனமே படலைக் கதவடிக்கு வந்து நின்று சிரித்தது. சிரிக்கட்டும். இராசதுரை என்கிற நான் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கோதுமை மா ஏற்றி நாடு முழுக்க லொறி ஓட்டியவன். எனக்கு வண்டி என்றால் வண்டிதான். புறப்படுமுன் சுற்றிவந்து சில்லுகளைக் காலால் உதைத்துப் பார்ப்பேன். முடக்கில் கையை நீட்டிச் சைகை காட்டுவேன். பின்னால் வருவது பெரும்பாலும் ஒரு நாய்தான்.

முப்பது வருடமாகக் கந்தளாய்க் குளத்தை எத்தனை தரம் கடந்திருப்பேனோ தெரியாது. அந்தக் குளத்தைப்பற்றி என்னிடம் கேட்டால், பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடையில் வடை எப்போது சூடாக இருக்கும் என்று சொல்வேன். தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டால் முழிப்பேன். கடல்போல ஒரு குளம் பக்கத்தில் கிடக்க, முன்னால் போகிற பஸ்ஸை முந்துவதிலேயே கண்ணாக இருந்துவிட்டேன்.

அந்தக் கண்தான் கடைசியில் என் காலை வாரிவிட்டது. சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறிவிட்டது என்று கிளினிக்கில் சொன்னார்கள். லொறி ஓட்டும் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியவில்லை. என் மனைவி யோகம்மாவிடம், "முதுகும் நாரியும் நோகுது, இனி லொறி ஏலாது" என்று கதையை முடித்தேன். சீனி இருப்பது அவளுக்குத் தெரியும். கண் கதை தெரியாது. தெரிந்தால் என்னைப் படலைக்கு வெளியே விடமாட்டாள். லொறியும் போய்ப் படலையும் பூட்டினால் நான் எங்கே போவேன்? குசினிக்குள் நுழைந்து சட்டி சட்டியாக மூடி திறந்து பார்த்து ஏச்சு வாங்குகிற ஆம்பிளைகளை எங்கள் ஒழுங்கையில் நிறையக் கண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது. பகிடியில்லை, உண்மையாகவே பயமாக இருந்தது.

ஆகவே சைக்கிள் வாங்கினேன். டொக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார் என்றேன், அது பொய்யில்லை. கண் முழுதாகப் போகுமுன், நிற்காமல் கடந்துபோன குளங்களையெல்லாம் ஒருதரம் நின்று பார்க்கவேண்டும் என்ற ஆசையை மட்டும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன்.

யோகம்மா ஒரு நிபந்தனை போட்டாள்.

"போங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனால் போன மாதிரித் திரும்பி வரவேணும். ஆராவது உங்களைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினால், அண்டைக்கே சைக்கிள் பழைய இரும்புக்காரனுக்குத்தான்."

அவளிடமும் சந்தைக்குப் போக ஒரு பழைய சைக்கிள் உண்டு. ஊர்ந்து ஊர்ந்துதான் போவாள். வழியில் கண்டால் மணியடித்து முந்திக்கொண்டு போவேன். சாரதியல்லவா?

பாலையூற்றுப் பக்கம், உப்பளத்தடி, பெயரில்லாத சின்னச் சின்னக் குளங்கள் என்று ஒவ்வொரு காலையும் சுற்றினேன். ஒருநாள் ஒரு நாரையை நெடுநேரம் பார்த்து நின்றேன். ஒற்றைக்காலில் என்ன பொறுமை என்று வியந்தேன். காற்று ஒன்று அடித்தது. நாரை எழும்பி வந்து என் சைக்கிள் கம்பியில் சுற்றிக்கொண்டது. வெறும் பிளாஸ்டிக் சொப்பின் பை.

"இண்டைக்கு என்ன கண்டீங்கள்?" என்று யோகம்மா கேட்டாள்.

"நாரை."

"கிட்ட வந்ததோ?"

"ஓம். சரியான கிட்ட வந்தது."

இப்படி நல்லாய்த்தான் போய்க்கொண்டிருந்தது, நிலாவெளிப் பக்கம் பெரியகுளத்துக்குப் போகும்வரை. குளக்கட்டில் பாதி தூரம் போனதும் சங்கிலி அறுந்தது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துக் குந்தினேன். அறுந்த கண்ணி எது, அறாத கண்ணி எது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தது. உருட்டிக்கொண்டே நடந்து வீடுபோய்ச் சேரலாம், ஆர் தூக்கிக்கொண்டு வந்தது என்று அவள் கேட்க இடமில்லை என்று கணக்குப் போட்டேன். நல்ல கணக்குத்தான்.

ஆனால் பழக்கம் விடுமா? எங்கள் வீதிகளில் லொறி நடுவழியில் நின்றால் சாரதி முதலில் செய்கிற வேலை, பற்றையில் இலையோடு ஒரு பெரிய குழையை முறித்து வண்டிக்குப் பின்னால் கொஞ்சத் தூரத்தில் போடுவதுதான். வண்டி பழுது, பார்த்து வா என்று அர்த்தம். நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்குமுன் கை முறித்துவிட்டது. மாடுகூட வராத குளக்கட்டில், ஒரு சைக்கிளுக்கு, பின்னால் ஒன்றும் முன்னால் ஒன்றுமாக இரண்டு குழை. இதை லொறிக்காரன்தான் செய்வான். லொறிக்காரரிலும் விசரன்தான் செய்வான்.

கை முழுக்கக் கிறீஸ். கட்டைவிட்டு இறங்கிக் கழுவப் போனேன். கரையில் நல்ல பெரிய கறுப்புக் கல் ஒன்று நின்றது. கழுவிவிட்டு அதன் நிழலில் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம் என்று நினைத்தேன். கையைக் கழுவியபடி ஒரு பழைய பாட்டையும் முணுமுணுத்தேன்.

கட்டில் உழவு மெசின் ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது. குழையைக் கண்டால் நிற்காமல் போகிற சாரதி இந்த மாவட்டத்தில் இல்லை. ஓட்டி வந்தவன் கிண்ணியாப் பொடியன். பெயர் இன்ஷாப் என்று பிறகுதான் தெரியும். அவன் எஞ்சினை நிறுத்தாமல், பதறாமல் கூப்பிட்டான்.

"அண்ணே... ஓடாம, திரும்பிப் பார்க்காம, மெல்ல மேல வாங்க."

"ஏன் தம்பி? இந்தக் கல்லில கொஞ்சம் சாய்ஞ்சிருப்பம் எண்டு..."

"கல்லு காது ஆட்டுமா அண்ணே?"

நான் எப்படி மேலே வந்தேன் என்று எனக்குத் தெரியாது. மெசின்பெட்டிக்குள் ஏறியபிறகுதான் மூச்சு வந்தது. நல்லகாலம், அந்த யானைக்குத் தண்ணீரில் இருந்த அக்கறை என்னில் இருக்கவில்லை. இன்ஷாப் சைக்கிளையும் தூக்கிப் பெட்டிக்குள் போட்டான். வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்தேன். "தம்பி, கல் எண்டு நினைச்ச கதையை மட்டும் வீட்டில சொல்லிப்போடாதேங்கோ."

"அல்லாஹ் காவல், சொல்ல மாட்டன்," என்றான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், பாவம். யோகம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு என்னை உச்சியில் தூக்கி வைத்தான்.

"அண்ணன் பெரிய தைரியசாலிதான், அக்கா. யானைக்குப் பக்கத்தில நிண்டு கை கழுவிக்கொண்டு பாட்டுப் படிக்கிறார்!"

நான் எப்படிப்பட்ட வீரன் என்று யோகம்மாவுக்குத் தெரியும். ஹபரணைக் காட்டில் தூரத்தில் யானை நின்றதற்கு அரைநாள் லொறியை நிறுத்திவைத்தவன் நான். ஒழுங்கை நாய்க்கே வழி மாறிப் போகிறவன். இன்ஷாப் போனபிறகு வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"படலையடியில நிக்கிறது ஆர்?"

உற்றுப் பார்த்தேன். "ஆரோ வெள்ளைச் சேர்ட் போட்ட ஆள். உள்ள வரச்சொல்லு."

"அது கொடியில காயிற உங்கட சேர்ட். உள்ள ஆள் இல்லை."

கதிரையில் இருந்துவிட்டேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை. கிளினிக், லைசென்ஸ், குளங்கள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே ஏசினாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிற ஆக்களைக் கேள்விப்பட்டிருக்கிறன். நீங்கள் ஒரு யானையையே மறைக்கப் பாத்திருக்கிறீங்கள்! முப்பது வருசம் நீங்கள் றோட்டில, நான் படலையில. எப்ப வாறியள், எங்க கவிண்டு கிடக்கிறியள் எண்டு நெஞ்சு பதைச்சுக் காத்திருந்தது, கடைசியில யானைக்குக் குடுக்கவோ?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த கிழமை கண் கிளினிக்குக்கு அவளே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். லேசர் அடிக்கத் தேதி கொடுத்தார்கள். இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்றார்கள். வீட்டுக்கு வந்தால் சைக்கிள் இருந்த இடம் வெறுமை. பழைய இரும்புக்காரனின் மணிச்சத்தம் எங்கேயாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். "காது குடுத்தது போதும், படுங்கோ" என்று இரவு அவள் சொன்னாள்.

விடிந்து எழும்பினால் படலையடியில் என் சைக்கிள் புதுச் சங்கிலியோடு நிற்கிறது. அதற்கு முன்னால் அவளுடைய சைக்கிள். அதன் கரியரில் கட்டுக்கட்டாய் வேப்பங்குழை வைத்துக் கட்டியிருந்தாள்.

"பின்னால போய் நில்லுங்கோ," என்றாள். நின்றேன். "குழை தெரியுதோ?"

"தெரியுது."

"அப்ப அதைப் பாத்துக்கொண்டு வாங்கோ. ஒண்டு சொல்லிப்போட்டன், முந்தப்படாது."

ஒழுங்கை திரும்பவும் படலைக்கு வந்து சிரித்தது. அவள் ஊர்ந்து ஊர்ந்து போனாள். பள்ளம் என்றாள், கல் என்றாள், மாடு என்றாள். வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு குளத்தின் கட்டுக்கு ஏறியதும் சைக்கிளை நிறுத்தி இறங்கினாள். பள்ளம், கல் என்று சொல்வதையும் விட்டுவிட்டாள்.

"என்ன, யானையோ?" என்றேன்.

"இல்லை. இவ்வளவு தண்ணி... இருவது நிமிசத்து ஓட்டத்தில இப்பிடி ஒண்டு கிடக்குது. நான் இண்டைக்குத்தான் காணுறன்."

நான் மட்டும் பார்க்காமல் கடந்துபோனேன் என்றல்லவா இவ்வளவு நாளும் எனக்கு நானே அழுதேன். இவளை ஒருநாளும் ஏற்றிக்கொண்டு வரவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"தண்ணி என்ன நிறம்?" என்று கேட்டேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள். நான் குழைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.