வரிசையை மாற்றியது அவர் அல்ல

அன்று மத்தியானம் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நின்றிருந்தேன். முதுகில் மூட்டை. போன் அடித்தது. பேத்தி திவ்யா கல்லூரியில் இருந்து பேசினாள். "அம்மாயி, குமரேசன் அண்ணன் போயிட்டாரு." காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சு வலித்திருக்கிறது. ஆட்டோவில் ஏற்றினார்களாம், கோத்தகிரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றேன். பின்னால் நின்றவள்தான் கயிற்றைத் தளர்த்தி இறக்கினாள். "என்னக்கா, யாரு?" என்றாள். யார் என்று சொல்வது? சொந்தமில்லை, எங்கள் தோட்டத்து ஆளுமில்லை. "பிரவுசிங் சென்டர் தம்பி" என்றேன். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் மகனுக்கும் அவர்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர்.

அரவேணு பஸ் நிறுத்தத்துக்குக் கீழே இருக்கும் அந்தக் கடையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற நீங்கள் எல்லாரும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான். அவர் நினைவாகச் சின்னப் புத்தகம் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று அவர் மனைவி சுதா கேட்டார். நான் இலங்கைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். அதற்குள் கப்பலேறி இந்தப் பக்கம் வந்துவிட்டோம். எழுத வருமா என்று யோசித்தேன். ஆனால் நான் எழுதாவிட்டால் ஒரு விஷயம் யாருக்கும் தெரியாமலே போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

அவரை முதலில் சரியாகப் பார்த்தது திவ்யா பன்னிரண்டாவது முடித்த வருஷம். அவள் அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். பிள்ளை என்னோடு தோட்டத்து லயத்து வீட்டில்தான் வளர்ந்தாள். நல்ல மார்க். எங்கள் வரிசை வீடுகளில் அந்த மார்க்கை யாரும் எடுத்ததில்லை. அவர் கடைக்குப் போய் மார்க் தாளைப் பெருமையாக நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, மார்க்க அப்புறமேட்டு பாக்கலாம். காலேஜுகளப் பாத்தீங்களா?" என்றார்.

"நாங்க எங்க தம்பி பாக்கறது? நீங்களே நல்லதா ஒன்னு போட்டு விடுங்க."

"சட்டை எடுக்கறதுக்கே மேட்டுப்பாளையம் போயி நாலு கடை ஏறி எறங்கறீங்க. நாலு வருசம் புள்ள இருக்கற எடம். போயிப் பாத்துப்போட்டு வாங்க. முன்வாசல்ல நிக்காதீங்க, அங்க எல்லாருமே சிரிச்சுத்தான் நிப்பாங்க. சாயங்காலம் நாலு மணிக்குப் புள்ளைங்க வெளிய வர்ற எடத்துல நின்னு அதுக மூஞ்சியப் பாருங்க."

சொன்னபடி போனோம். மலை இறங்கியதும் வருகிற சின்னக் கல்லூரியில் பெரிய வளைவு கட்டியிருந்தார்கள். உட்கார வைத்து ஜூஸ் கொடுத்து திவ்யாவின் போன் நம்பரை எழுதிக்கொண்டார்கள். நாலு மணிக்கு வந்த பிள்ளைகள் நேராக பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். கோயம்புத்தூரில் இருந்த பெரிய கல்லூரிக்கு வளைவு இல்லை, சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஆனால் படியில் இரண்டு பெண் பிள்ளைகள் ஒரு கணக்குத் தாளை நடுவில் வைத்து அப்படிச் சண்டை போட்டார்கள். அவர்கள் பஸ் போனதைக்கூடப் பார்க்கவில்லை. திவ்யா அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது.

திரும்பி வந்து சொன்னதும் குமரேசன் தம்பி, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் கல்லூரிகளை வரிசையாகப் போடச் சொல்லி மௌஸை அவள் பக்கம் தள்ளினார். அவர் யாருக்கும் தன் கையால் கல்லூரி பெயர் போட மாட்டார், உங்களுக்கே தெரியும். "உன்ற படிப்பு, உன்ற கை" என்பார். பெரிய கல்லூரி முதலில். அதற்குக் கீழே ஐந்து. மலையடிவாரத்துக் கல்லூரி ஏழாவது. அந்த வரிசையை அச்செடுத்து, ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு டிக் அடித்துக் கொடுத்தார். "ஊட்டுக்குப் போயி ஒருக்கா பாத்துட்டு, நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள நீயே போன்ல பூட்டிரு கண்ணு. பூட்டிட்டா மாத்த முடியாது."

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கல்லூரி முதலில் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. காரணத்தைச் சொல்கிறேன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இது விளங்கும். தோட்டத்துத் துரையிடம் போனால் முதலில் சின்னதைத்தான் கேட்க வேண்டும். கம்பளி கேட்டு அது கிடைத்த பிறகு, அடுத்த மாதம் கூரைக்குத் தகரம் கேட்கலாம். எடுத்த எடுப்பில் தகரம் கேட்டால் கம்பளியும் கிடைக்காது. என் வீட்டுக்காரர் ஒரு தடவை நேராகப் போய் இன்னொரு அறை கேட்டார். "இவனுக்கு அறை வேணுமாம்" என்று ஆபீஸே சிரித்தது. ஒரு மாதம் பேர் வெட்டிப் போட்டார்கள், வேலை இல்லை. அந்தப் பயம் எனக்கு எலும்பில் இருக்கிறது.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது திவ்யாவிடம் சொன்னேன். "பக்கத்துல உள்ளத முதல்ல போடு. எடுத்த ஒடனே பெரிசக் கேட்டா, இது யாரு இவ்வளவு பெரிசக் கேக்கறதுன்னு மொத்தத்தையும் தள்ளிருவாங்க."

"அய்யோ அம்மாயி, அது மெஷினு. மேல இருந்து பாத்துட்டு வரும். மேல கெடைக்கலேன்னாதான் கீழ வரும். கேட்டதுக்கெல்லாம் கோவிச்சுக்காது. அண்ணன் அத்தனை தடவ சொன்னாரே."

"மெஷினுக்குப் பின்னால ஒரு துரை இல்லாமலா இருப்பான்? உங்க தாத்தா பட்டது உனக்குத் தெரியுமா?"

அவள் அழுதாள். நானும் அழுதேன். கடைசியில் அவள் போனை எடுத்து ஏழாவதை முதலாவதாக மாற்றி, என் கண்ணெதிரே பூட்டினாள். என்னை எதிர்த்துப் பேசி வளர்ந்த பிள்ளை இல்லை அவள்.

கேட்டது கிடைத்தது. மலையடிவாரத்துக் கல்லூரி. அவளைவிடக் குறைந்த மார்க் எடுத்த கூட்டாளிப் பெண்ணுக்கு அந்தப் பெரிய கல்லூரி கிடைத்தது. அன்று திவ்யா பாத்திரங்களை எல்லாம் கழுவி, கழுவியதையே மறுபடி கழுவினாள்.

இரண்டு நாள் கழித்து டீக்கடையில் ஒருவர் கேட்டார். "என்னக்கா, அவ்வளவு மார்க்கு வச்சிக்கிட்டு இதுவா? குமரேசன் வரிசைய மாத்திப் போட்டுட்டானா?"

நான், "யாருக்குத் தெரியும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். என்னால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. படித்த பேத்தியின் பாட்டி என்று பஜாரே என்னைத் தலையில் தூக்கி வைத்திருந்த நேரம். என் மடத்தனத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த வார்த்தை டீக்கடையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கும் அங்கிருந்து ஒவ்வொரு லயத்துக்கும் போனது. அடுத்த வருஷம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கோத்தகிரிக்குப் போய் விண்ணப்பம் போட்டார்கள். அவர் பெஞ்சு காலியாகக் கிடந்ததை பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன்.

அவர் எங்களை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. திவ்யாவையும் என்னையும் கூப்பிட்டு அனுப்பி, அவளிடம், "கெடைச்சது இதுதான் கண்ணு. இனி இத எப்படிக் கறந்துக்கறதுன்னு பாப்போம்" என்றார். கல்லூரியில் வாரத்துக்கு அவள் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றார். ஆசிரியரிடமோ லேபில் இருப்பவரிடமோ நூலகத்திலோ, புரியாத ஒன்றைப் போய்க் கேட்க வேண்டும். சனிக்கிழமை அவருக்குப் போன் செய்து, யாரிடம் என்ன கேட்டாள் என்று சொல்ல வேண்டும். "நானெல்லாம் மூணு வருசம் காலேஜ் போயி ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கலீங்கம்மா. அதான் இங்க உக்காந்து ஜெராக்ஸ் போட்டுட்டு இருக்கறேன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் மாதங்களில் திவ்யா அழுதுகொண்டே கேட்டாள். அப்புறம் அழாமல் கேட்டாள். லேபில் பழுதாகிக் கிடந்த ஒரு மெஷினை ஏன் யாரும் தொடுவதில்லை என்று கேட்டு, அதைப் பிரிக்கவும் மாட்டவும் அங்கிருந்தவரோடு ஆறு வாரம் உட்கார்ந்தாள். இப்போது மூன்றாம் வருஷம். அந்தக் கல்லூரியில் அவள் பெயர் தெரியாத ஆசிரியர் இல்லை. இதைப் பெருமையாக எழுதுகிறேன். ஆனால் இந்தப் பெருமையில் எனக்குப் பங்கில்லை.

ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தேயிலைத் தூள் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு போனேன். "அடடே, காணிக்கையெல்லாம் பலமா இருக்குது. துரைக்குக் கொண்டு போறதுங்களா, நமக்குங்களா?" என்று கேலி செய்தார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். பொட்டலத்தை வைத்துவிட்டு, "அந்த வரிசை விஷயம் தம்பி..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பிரிண்டரில் தாள் அடுக்கினார். "தப்பு யாருதுன்னு பாத்துட்டே இருந்தா வருசம் போயிருமுங்கம்மா. பஸ் வந்துருச்சு பாருங்க."

பஸ் வந்திருந்தது. நானும் ஏறிவிட்டேன்.

அவர் உடலைப் பார்க்க அவர் சொந்த ஊரான அன்னூருக்குப் போகும்போது திவ்யா பஸ்ஸில் சொன்னாள். "அம்மாயி, அண்ணனுக்குத் தெரியாம இருந்திருக்காது. கடைசியா எப்ப பூட்டுனது, எந்த வரிசைல பூட்டுனதுன்னு விண்ணப்பத்துலயே இருக்கும். அவரு பாக்காம விட்டிருக்க மாட்டாரு." தெரிந்துதான் பேசாமல் இருந்தாரா? பாட்டி செய்ததை ஊர் அறிந்தால் பிள்ளை என்ன ஆவாள் என்று நினைத்தாரா? அவரைத்தான் கேட்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கூட்டம் நகரச் சொன்னது. நகர்ந்துவிட்டேன்.

அவர் பென்சில் டிக் அடித்த தாள் என் தகரப் பெட்டியில் இருந்தது. அதை சுதாவிடம் கொடுத்துவிட்டேன். கடையில் வைத்திருக்கிறார், போய்ப் பாருங்கள். முதலில் இருப்பது பெரிய கல்லூரியின் பெயர். வரிசையை மாற்றியது நான். டீக்கடையில் கேட்டவருக்கும் இதுதான் பதில், மூன்று வருஷம் தாமதமாக.

அவருடையதாக என்னிடம் மிச்சம் இருப்பது அந்தச் சனிக்கிழமைக் கேள்விதான். இப்போது திவ்யா எனக்குப் போன் செய்கிறாள். "இந்த வாரம் யாருகிட்ட என்ன கேட்ட?" என்கிறேன். அவள் சொல்லுகிற பதில் எனக்கு ஒரு சொல்கூடப் புரிவதில்லை. "ம்" என்கிறேன். அவர் இருந்தால் அதற்கு மேல் ஒன்று கேட்டிருப்பார். எனக்கு "ம்" மட்டும்தான் வருகிறது.

போன சனிக்கிழமை அவள், "அம்மாயி, மேல படிக்க அந்தப் பெரிய காலேஜுக்கே போட்டுப் பாக்கட்டுமா? எடுத்த எடுப்புல அதக் கேட்டா தப்பா?" என்றாள்.

"அதையே முதல்ல போடு" என்றேன். அந்த வார்த்தையைக் கேட்க வேண்டிய அவர் காது இப்போது இல்லை.